கொண்டை சுருங்கினால் கறி இளகும்

டிசம்பர் குளிரில், விடிவதற்கு முன்பே, பிரான்ஸின் கிழக்கே இருக்கும் பூர்-ஆன்-ப்ரெஸ் நகரக் கண்காட்சிக் கூடத்தில் நீள நீளமாக மேசைகள் போட்டுவிடுவார்கள். மேசை மேல் கோழிகள் வரிசை வரிசையாகக் கிடக்கும். கழுத்தில் மட்டும் வெள்ளை இறகைக் கொஞ்சம் விட்டுவிட்டு மற்றதெல்லாம் பறித்தாயிற்று. நீல நிறக் கால்கள் அப்படியே இருக்கும். உடம்பைப் பார்த்தால்தான் இது கோழியா என்று சந்தேகம் வரும். இறக்கையும் தொடையும் எங்கே என்றே தெரியாமல், மழமழவென்று, தந்த நிறத்தில் ஓர் உருளை. அறுத்துச் சுத்தம் செய்த கையோடு துணியில் இறுக்கிச் சுற்றி, நூல் போட்டுத் தைத்து வைத்ததால் வந்த வடிவம் அது. கொழுப்பு ஒரு பக்கமாகத் தேங்காமல் உடம்பெங்கும் சமமாகப் படிவதற்கான வழி என்கிறார்கள். நடுவர்கள் தோலின் மென்மையையும் வெண்மையையும் கொழுப்பின் பரவலையும் பார்த்து மதிப்பெண் போடுவார்கள். 1862-ல் தொடங்கிய போட்டி. இன்று பூர், மோன்ட்ரெவெல், போன்-து-வோ, லூஆன் என்று நான்கு ஊர்களில் அடுத்தடுத்து நடக்கிறது. பரிசுகளில் உயர்ந்தது, குடியரசுத் தலைவரின் பெயரால் வழங்கப்படும் செவ்ர் பீங்கான் ஜாடி.

அந்த மேசையின் நாயகனைப் பிரெஞ்சில் ஷாப்போன் என்பார்கள், ஆங்கிலத்தில் கேபான். நம் பேச்சில் சொன்னால் காயடித்த சேவல்.

ப்ரெஸ் வட்டாரத்துக் கோழிக்கு 1957-லேயே, ஒயினுக்கும் பாலாடைக்கட்டிக்கும் தருகிற ஊர்ப்பெயர்க் காப்புரிமையைச் சட்டம் போட்டுத் தந்துவிட்டது பிரான்ஸ். வெள்ளை உடம்பு, சிவப்புக் கொண்டை, நீலக் கால் என்று நாட்டுக் கொடியின் மூன்று நிறமும் அதனிடம் இருப்பதைச் சொல்லிச் சொல்லிப் பூரிப்பார்கள். கோழி ஒன்றுக்குக் குறைந்தது 10 சதுர மீட்டர் புல்வெளி, மக்காச்சோளம், கோதுமை, பால்பொருட்கள் எல்லாம் விதியிலேயே இருக்கின்றன. சாதாரண ப்ரெஸ் கோழி நான்கு மாதத்தில் சந்தைக்குப் போகிறது. ஷாப்போனுக்கோ குறைந்தது எட்டு மாதம். கடைசி நாலு வாரம் 'எபினெத்' என்கிற மரக்கூண்டில், அரை இருட்டில், அசையாமல் தின்று கொழுக்க வேண்டும். கிறிஸ்துமஸை ஒட்டித்தான் விற்பனை.

கொடிப் பெருமை பேசுகிறவர்கள் ஒன்றை மட்டும் சொல்லாமல் விடுகிறார்கள். ஷாப்போனின் தலையில் அந்தச் சிவப்பு இருக்காது. கொண்டை சுருங்கி, வெளிறி, பெட்டைக் கோழியுடையதைவிடவும் சின்னதாகிப் போயிருக்கும்.

உள்ளே இருக்கும் விதை

ஆட்டுக்கிடாயையும் காளையையும் காயடிப்பது நம் கிராமங்களுக்குப் பழகிய வேலை. கால்நடை மருத்துவர் கிடுக்கி கொண்டு வந்தால் சில நிமிடத்தில் முடிந்துவிடும். சேவலுக்கு அது நடக்காது. பறவைக்கு விதை வெளியே தொங்குவதில்லை. முதுகெலும்பை ஒட்டி, சிறுநீரகத்தின் முன்முனையில், கடைசி விலா எலும்புகளுக்கு உள்ளே ஒளிந்திருக்கிறது. அதை எடுக்க வேண்டுமென்றால் உடம்பைத் திறந்தாக வேண்டும்.

பெரும்பாலும் ஆறிலிருந்து பத்து வார வயதுக்குள் செய்கிறார்கள். அப்போது விதை ஒவ்வொன்றும் சின்னஞ்சிறு பயறு அளவில் இருக்கும். குடல் காலியாக இருந்தால்தான் உள்ளே பார்க்க முடியும் என்பதால், முந்தைய நாளிலிருந்தே தீவனத்தை நிறுத்திவிடுவார்கள். குஞ்சைப் பக்கவாட்டில் படுக்க வைத்து, இறக்கையையும் காலையும் அசையாமல் பிணைத்து, கடைசி இரண்டு விலாக்களுக்கு நடுவே கீறி, விலாவை விரித்து, உள் சவ்வைக் கிழித்தால் விதை கண்ணில் படும். இடுக்கியாலோ கம்பிக் கண்ணியாலோ பிடித்துத் திருகி எடுப்பார்கள். பக்கத்திலேயே பெரிய ரத்தக்குழாய்கள் ஓடுகின்றன. கை கொஞ்சம் தவறினால் மேசையிலேயே உயிர் போய்விடும். கை தேர்ந்தவர்கள் ஒரு நாளில் நூற்றுக்கணக்கில் செய்கிறார்கள் என்பதும், காலங்காலமாக இது மயக்க மருந்து இல்லாமலே நடந்துவருகிறது என்பதும் இந்தத் தொழிலின் இரண்டு உண்மைகள். இரண்டாவதைப் பிறகு பார்ப்போம்.

விதையில் ஒரு துணுக்கு உள்ளே தங்கிவிட்டாலும் போச்சு. அது மறுபடி வளர்ந்து சுரக்க ஆரம்பிக்கும். அப்படிப்பட்டது முழுச் சேவலும் இல்லை, கேபானும் இல்லை. கொண்டை பாதி சிவக்கும், மற்றவற்றை மிதித்துத் தொல்லை கொடுக்கும், கறியும் எதிர்பார்த்தபடி இருக்காது. அமெரிக்கப் பண்ணைக்காரர்கள் இதை 'ஸ்லிப்' என்பார்கள். அறுவை முடிந்து காற்றுப்பையிலிருந்து கசியும் காற்று தோலுக்கடியில் சேர்ந்து, குஞ்சு பலூனாக உப்புவதும் உண்டு. ஊசியால் குத்திக் காற்றை இறக்கிவிடுவார்கள்.

எடை கூடுமா?

காயடித்த சேவல் தாறுமாறாக வளரும் என்பது ஊர் ஊராகப் பரவிய நம்பிக்கை. கோழிப்பண்ணை பற்றிய வீடியோக்களிலும் இதே வாக்குறுதிதான். ஆராய்ச்சித் தாள்களைப் புரட்டினால் சுருதி இறங்கிவிடுகிறது. சில சோதனைகளில் கேபான் எடை கூடியிருக்கிறது. சிலவற்றில் காயடிக்காத சேவலும் அதுவும் கிட்டத்தட்ட ஒரே எடைக்கு வந்து நிற்கின்றன. அறுவை முடிந்த முதல் சில வாரங்களில் கேபான்தான் பின்தங்குகிறது. எந்த இனம், எத்தனை வாரத்தில் அறுத்தார்கள், எத்தனை மாதம் வளர்த்தார்கள் என்பதைப் பொறுத்து விடை மாறுகிறது.

யோசித்துப் பார்த்தால் இதில் வியப்பில்லை. விதையில் சுரக்கும் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் தசையை வளர்க்கும் சரக்கு. உடற்பயிற்சிக் கூடத்துப் பையன்கள் திருட்டுத்தனமாக ஊசியில் ஏற்றிக்கொள்வதும் அதன் உறவுக்காரப் பொருட்களைத்தான். அதை உடம்பிலிருந்து எடுத்துவிட்டு, தசை இன்னும் வளரும் என்று எப்படி எதிர்பார்ப்பது? தொடைத் தசை சேவலுக்குத்தான் திரண்டிருக்கும். கேபானுக்குப் பல சோதனைகளில் நெஞ்சுக்கறியின் பங்கு கொஞ்சம் கூடியிருக்கிறது.

மாறுவது வேறு. காயடிக்காத சேவல் நாலைந்து மாதத்தில் பருவத்துக்கு வந்ததும் தின்ற தீனியைச் செலவழிக்கத் தொடங்குகிறது. விடியலில் கூவ வேண்டும், வேலி ஓரம் வலம் வர வேண்டும், இன்னொரு சேவல் தலை நீட்டினால் பாய வேண்டும், பெட்டைகளைத் துரத்த வேண்டும். கேபானுக்கு இந்த வேலை எதுவும் இல்லை. கூவாது, அல்லது அரைகுறையாக எதையோ முனகும். ஒரே கொட்டகையில் நூறு கேபான்களை விட்டாலும் பெரிய சண்டை மூளாது. ஐரோப்பியப் பண்ணைகளில் தாயில்லாத குஞ்சுகளை அணைத்து வளர்க்கக் கேபானைப் பழக்கியதும் உண்டு. மிச்சமான தீனியெல்லாம் கொழுப்பாகிறது.

அந்தக் கொழுப்பு எங்கிருந்து வருகிறது என்பதைத் தைவானில் நுணுக்கமாகத் தேடியிருக்கிறார்கள். அங்கே நாட்டுச் சேவலைக் காயடித்து வளர்ப்பது இன்றும் நடைமுறையில் உள்ள தொழில். பறவைகளுக்குக் கொழுப்புத் தயாராகிற முக்கியமான இடம் கல்லீரல். விதை போனதும் கல்லீரலில் கொழுப்பைத் தயாரிக்கும் நொதிகள் சுறுசுறுப்பாகின்றன, ரத்தத்தில் டிரைகிளிசரைடு ஏறுகிறது. 2005-ல் வெளியான ஒரு தைவான் ஆய்வில், காயடித்த சேவல்களின் உடம்பில் டெஸ்டோஸ்டிரோனைப் பதித்து ரத்தக் கொழுப்பு எப்படி மாறுகிறது என்று பார்த்தார்கள். ஹார்மோன் திரும்பியதும் ரத்தமும் சேவலுடையதை நோக்கித் திரும்பியது. ஆக, உண்டு உறங்கிக் கிடப்பதால் மட்டும் வருகிற ஊளைச்சதை இல்லை இது. கட்டளையே மாறிப்போகிறது.

இந்தக் கொழுப்புக்கு ஒரு வரிசை இருக்கிறது. முதலில் வயிற்றுக்குள் சேரும், அப்புறம் தோலுக்கடியில், பிறகு தசைகளுக்கு நடுவே. தசை நார்களுக்கு உள்ளே ஊடுருவுவது கடைசியாகத்தான். சமையல்காரர் ஆசைப்படுவது அந்தக் கடைசிப் பங்குக்கு மட்டும். அதை அடைய, முன்னால் இருக்கிற எல்லாவற்றுக்கும் தீவனம் கொட்டியாக வேண்டும். கேபானின் வயிற்றைத் திறந்தால் கட்டி கட்டியாக மஞ்சள் கொழுப்பு. சேவலோடு ஒப்பிட்டால் பல மடங்கு. தீவனக் கணக்கு எழுதுகிறவர் அதைப் பார்த்துத் தலையில் கை வைக்கிறார். ஸ்பெயினின் கலீசியா பகுதியில் வில்லால்பா ஊரில், கிறிஸ்துமஸுக்கு முந்தைய கேபான் சந்தையில், அதே கொழுப்பை எடுத்துக் கோழியின் முதுகின் மேலேயே விரித்துக் காட்சிக்கு வைக்கிறார்கள். வாங்குகிறவர் கொழுப்பைப் பார்த்துத்தான் விலை பேசுவார்.

எலும்பும் தப்புவதில்லை. ஆண் ஹார்மோன் எலும்புக்கும் உரம். கேபானின் கால் எலும்பு சேவலுடையதைவிட வலுக்குறைந்திருப்பதை ஆய்வுகளில் அளந்திருக்கிறார்கள். கனத்த உடம்பைத் தூக்கி நிற்க வேண்டிய கால் அது.

இறகுதான் ஏமாற்றும். சேவலின் பளபளப்பான கழுத்து இறகும் வளைந்த வாலும் ஆண் ஹார்மோனால் வருபவை அல்ல. கோழியினத்தில் பெட்டையின் எளிய இறகுதான் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனால் வருவது. அது இல்லாத எந்த உடம்பும் சேவல் உடையைப் போட்டுக்கொள்ளும். எனவே கேபானின் வாலிறகு சேவலுடையதைவிட நீளமாகவே வளரும், காலில் முள்ளும் முளைக்கும். தூரத்தில் இருந்து பார்த்தால் ராஜா.

நாக்குக்கு என்ன கிடைக்கிறது?

வயதான சேவலின் கறி ஏன் ரப்பராகிறது? தசை நார்களைக் கட்டி வைத்திருக்கும் கொலாஜன் என்ற புரதம்தான் காரணம். இளங்குஞ்சில் அது வெந்ததும் கரைந்துவிடும். பருவம் ஏற ஏற அதன் இழைகளுக்கு இடையே குறுக்குப் பிணைப்புகள் இறுகி, கொதிக்க வைத்தாலும் கரையாத நிலைக்கு வருகிறது. ஆண் ஹார்மோன் இதை முடுக்கிவிடுகிறது. கேபானில் இந்த இறுக்கம் தாமதமாகிறது, கூடவே தசைக்குள் கொழுப்பும் சேர்கிறது. வெந்த கறியை வெட்டுவதற்கு எவ்வளவு விசை தேவைப்படுகிறது என்று கருவி வைத்து அளந்தால் கேபானுக்குக் குறைவு. ருசி பார்க்கும் குழுக்களும் மென்மை, சாறு இரண்டிலும் அதற்கே பெரும்பாலும் கூடுதல் மதிப்பெண் தருகின்றன. கறியின் நிறம் வெளிறியிருக்கும்.

இங்கேதான் காலம் நுழைகிறது. மூன்று மாதத்தில் அறுத்தால் கேபானுக்கும் சேவலுக்கும் நாக்கு பெரிய வித்தியாசம் காணாது, ஏனென்றால் சேவல் இன்னும் சேவலாகவே ஆகவில்லை. ஐந்து, ஆறு, எட்டு மாதம் ஆனால்தான் இடைவெளி விரிகிறது. நாள்பட்ட கோழிக்குத்தான் ருசி ஆழமாக இருக்கும் என்பது நாட்டுக்கோழி தின்கிற எல்லோருக்கும் தெரியும். நாள் ஆனால் கறி கடினமாகும் என்பதும் தெரியும். இரண்டில் ஒன்றைத்தான் கோழி கொடுக்கும். கேபான், அந்த ருசியையும் வைத்துக்கொண்டு கடினத்தை மட்டும் தள்ளிப்போடுகிற தந்திரம். இதில் கூடுதல் எடை என்பது வந்தால் லாபம், அவ்வளவுதான்.

இத்தாலியின் எமிலியா-ரோமாஞ்ஞா பகுதியில் கிறிஸ்துமஸ் நாளில் டோர்டெல்லினி மாவுப் பொதிகளைக் கேபான் சாறில்தான் போடுவார்கள். கொழுப்பு மினுங்கும் பொன்னிறச் சாறு. பியட்மாண்டில் மொரொட்ஸோ ஊரின் கேபானைக் காப்பாற்ற 'ஸ்லோ ஃபுட்' இயக்கம் தனித் திட்டமே போட்டது. பிரான்ஸில் மெதுவான சூட்டில் மணிக்கணக்காக வாட்டி, ஒழுகும் கொழுப்பையே மறுபடி மறுபடி மேலே ஊற்றிச் சமைக்கிறார்கள். வசதியுள்ளவர்கள் தோலுக்கடியில் டிரஃபிள் காளான் சீவல்களைச் செருகுவார்கள். எல்லாச் சமையலிலும் மசாலா மிகக் குறைவு என்பதைக் கவனியுங்கள். மிளகும் வரமிளகாயும் பட்டையும் சோம்பும் வறுத்து அரைத்த குழம்பில் இதைப் போட்டால், எட்டு மாத உழைப்பு எங்கே போனதென்றே தெரியாது.

நம் நாக்கு நிற்பது நேர் எதிர்முனையில். பொங்கல் சமயத்தில் கரூர் மாவட்டத்துப் பூலாம்வலசு சேவற்கட்டில் தோற்றுப்போன சேவலுக்குக் கோச்சை என்று பெயர். ஜெயித்தவர் அதைத் தூக்கிக்கொண்டு போவார். அந்தக் கறிக்கு இருக்கும் கிராக்கி கறிக்கடை நாட்டுக்கோழிக்கு இல்லை. பயிற்சியில் முறுக்கேறிய, கொழுப்பே இல்லாத, ஆண் ஹார்மோன் ததும்பிய கறி. பல்லுக்கு வேலை வைக்காவிட்டால் அது கறியே இல்லை என்று நினைக்கிறவர்கள் நாம். நாட்டுக்கோழி வளர்க்கும் இளைஞர்கள் சிலர் வீடியோ பார்த்துவிட்டுக் கேபான் பக்கம் ஆசையோடு திரும்புகிறார்கள். அவர்கள் முதலில் யோசிக்க வேண்டியது வாங்குகிறவரின் நாக்கைத்தான். இங்கே வயிற்றுக்கொழுப்பைப் பார்த்தால் கடைக்காரர் பிய்த்து எறிவார். அதற்கு யாரும் பணம் தரமாட்டார்கள்.

சட்டத்துக்கு ஓர் ஓட்டை

கேபானின் பிறப்பு பற்றி எல்லாரும் சொல்கிற கதை ரோமில் தொடங்குகிறது. கி.மு. 161-ல் ஃபானியஸ் சட்டம் விருந்துகளில் ஆடம்பரத்தைக் கட்டுப்படுத்தியது. ஒரு வேளைக்கு ஒரே ஒரு பெட்டைக்கோழி, அதுவும் கொழுக்க வைக்காததாக இருக்க வேண்டும். சட்டத்தில் பெட்டை என்றுதானே இருக்கிறது என்று ரோமானியர்கள் சேவலைக் காயடித்துக் கொழுக்க வைத்தார்களாம். நல்ல கதை. ஆனால் மூத்த பிளினி எழுதி வைத்திருப்பது, சட்டத்தை ஏய்க்கச் சேவல்களுக்குப் பாலில் ஊறிய தீனி கொடுத்தார்கள் என்பது வரைதான். காயடித்த பகுதி பின்னால் வந்தவர்கள் ஒட்டியது. சட்டத்துக்கு முன்பே கிரேக்கர்களுக்கு இந்த வித்தை தெரியும். பாலில் ஊறிய தீனி மட்டும் ப்ரெஸ் பண்ணைகளில் இன்றும் தொடர்கிறது.

அரிஸ்டாட்டில் கி.மு. நான்காம் நூற்றாண்டிலேயே இதை எழுதியிருக்கிறார். பறவையின் பின்பகுதியில் இரண்டு மூன்று இடங்களில் சூட்டுக்கோல் வைத்தால் போதுமாம். வளர்ந்த சேவலென்றால் கொண்டை வெளிறும், கூவுவது நிற்கும், பெட்டையைத் தேடாது. குஞ்சிலேயே செய்தால் இந்தக் குணங்கள் தலைகாட்டவே காட்டாது. விளைவைப் பற்றி அவர் சொன்னது அத்தனையும் சரி. ரோமானிய வேளாண் அறிஞர் வர்ரோ இன்னும் ஒரு படி மேலே போய், காலிலுள்ள முள்ளைச் சுட்டுப் பொசுக்கினால் சேவல் கேபானாகிவிடும் என்கிறார். முள்ளைச் சுட்டால் விதை எப்படிப் போகும்? வேலையை அடிமை செய்தான், ஏட்டை எஜமான் எழுதினார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இடைக்கால ஐரோப்பாவில் கேபான் பாதிப் பணமாகவே ஆகிவிட்டது. நிலத்துக்கான குத்தகையில் இத்தனை கேபான் என்று எழுதி வைத்தார்கள். அதிகாரிக்கும் வக்கீலுக்கும் வெறுங்கையோடு போகக் கூடாது என்பதற்கும் அதுவே வழி. இத்தாலிய எழுத்தாளர் மன்சோனியின் 'இ ப்ரொமெஸ்ஸி ஸ்போஸி' நாவலில் ரென்ஸோ என்ற ஏழை இளைஞன் நாலு கேபான்களின் காலைக் கட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டு வக்கீல் வீட்டுக்கு எடுத்துப்போகிறான். எதிராளி யார் என்று தெரிந்ததும் வக்கீல் அவனைக் கேபான்களோடு சேர்த்து வெளியே தள்ளிவிடுகிறார். இத்தாலியப் பள்ளிப் பிள்ளைகள் எல்லோருக்கும் அந்த நாலு கோழிகளைத் தெரியும்.

ஆறு சேவல்களும் ஒரு விஞ்ஞானமும்

கேபானால் மனிதகுலத்துக்குக் கிடைத்த பெரிய நன்மை எது என்று கேட்டால், நான் விருந்து மேசையைக் காட்டமாட்டேன். ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தைக் காட்டுவேன்.

1848 ஆகஸ்டில் அங்கே ஆர்னால்ட் அடால்ஃப் பெர்த்தோல்ட் என்ற உடலியல் பேராசிரியர் ஆறு இளஞ்சேவல்களை எடுத்துக்கொண்டார். இரண்டுக்கு விதைகளை முழுதாக நீக்கினார். அவை கேபானாயின. இன்னும் இரண்டுக்கு ஒரு விதையை எடுத்துவிட்டு, மற்றொன்றை அதன் இடத்திலிருந்து பிரித்து வயிற்றுக்குள்ளேயே விட்டார். கடைசி இரண்டுக்கு இரு விதைகளையும் எடுத்துவிட்டு, ஒன்றின் விதையை இன்னொன்றின் வயிற்றில் வைத்தார். அந்த நான்கும் கூவின, சண்டை போட்டன, பெட்டைகளைத் துரத்தின, கொண்டை சிவக்க வளர்ந்தன. அறுத்துப் பார்த்தபோது, இடம் மாறிய விதை குடலில் ஒட்டி வேர் பிடித்து, புதிய ரத்தக் குழாய்களோடு வளர்ந்திருந்தது. நரம்புத் தொடர்பு அறுந்துபோயிருந்தது.

அதுவரை உடம்பின் ஒரு மூலை இன்னொரு மூலையை ஆள்வதென்றால் நரம்பு வழியாகத்தான் என்று நினைத்திருந்தார்கள். நரம்பே இல்லாமல் கொண்டை சிவக்கிறது என்றால், விதை ஏதோ ஒன்றை ரத்தத்தில் கலக்கிறது, அது தலைவரை போய் வேலை செய்கிறது என்றுதானே பொருள்? 1849-ல் நாலே பக்கத்தில் இதை எழுதி வெளியிட்டார். யாரும் பொருட்படுத்தவில்லை. ஹார்மோன் என்ற சொல்லே 1905-ல்தான் வந்தது. இன்று அகச்சுரப்பியியல் பாடம் தொடங்குவதே பெர்த்தோல்டின் ஆறு சேவல்களில்தான்.

அதோடு முடியவில்லை. 1920-களில் ஆண் ஹார்மோனைப் பிடிக்கப் பல நாடுகளில் போட்டி நடந்தபோது, குப்பியில் இருக்கிற சரக்கில் அது இருக்கிறதா என்று கண்டுபிடிக்கக் கருவி எதுவும் கிடையாது. கேபானுக்கு ஊசி போட்டுக் கொண்டை வளர்கிறதா என்று அளவுகோல் வைத்துப் பார்த்தார்கள். எவ்வளவு வளர்ந்ததோ அவ்வளவு வீரியம். 'கேபான் அலகு' என்றே ஓர் அளவு புழங்கியது. சிகாகோவில் ஃப்ரெட் கோக்கும் லெமுவல் மெக்கீயும், ஊரின் பெரிய இறைச்சிக் கூடங்களிலிருந்து காளை விதைகளை வாங்கி, சுமார் 18 கிலோவிலிருந்து 20 மில்லிகிராம் சாரம் எடுத்து, 1927-ல் கேபான்களின் கொண்டையைச் சிவக்க வைத்தார்கள். அடால்ஃப் பூட்டனாண்ட் 1931-ல் ஆயிரக்கணக்கான லிட்டர் ஆண்களின் சிறுநீரிலிருந்து ஆண்ட்ரோஸ்டிரோனைப் பிரித்தார். 1935-ல் ஆம்ஸ்டர்டாமில் டெஸ்டோஸ்டிரோன் படிகமாகக் கைக்கு வந்தது. அதே ஆண்டு பூட்டனாண்டும் லியோபோல்ட் ருஷிச்சாவும் அதைச் செயற்கையாகத் தயாரித்தார்கள். 1939-ல் இருவருக்கும் வேதியியல் நோபல். அந்தப் பரிசுக்குப் பின்னால், கொண்டையை அளக்கக் கொடுத்துக்கொண்டு நின்ற கேபான்கள் எத்தனையோ.

ஹார்மோன் கைக்கு வந்ததும் கத்தி எதற்கு என்று அமெரிக்காவில் தோன்றியது. டையெத்தில்ஸ்டில்பெஸ்ட்ரால் என்ற செயற்கைப் பெண் ஹார்மோனைச் சின்ன மாத்திரையாக்கி, சேவலின் கழுத்துத் தோலுக்கடியில் மேல்பகுதியில் பதித்தார்கள். ஈஸ்ட்ரோஜன் ஏறியதும் விதை தானாகவே முடங்கிவிடும், கொழுப்பு ஏறிவிடும். 1947-ல் அனுமதி கிடைத்தது. கொஞ்ச காலத்திலேயே ரோமத்துக்காக மிங்க் வளர்க்கும் பண்ணைகளிலிருந்து புகார் வந்தது. கோழித்தலையும் கழுத்தும் தின்ற மிங்குகள் குட்டி போடுவதை நிறுத்தியிருந்தன. மாத்திரையின் மிச்சம் தின்கிறவர் உடம்பில் வேலை செய்கிறது என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சி வேண்டுமா? ஆனாலும் தடை வந்தது 1959-ல்தான்.

பருவத்துக்கு வராத கோழி

அதற்குள் கேபானை வேறொரு பறவை ஒழித்துக்கட்டியிருந்தது. பல்லடம் பக்கத்துக் கொட்டகைகளில் வளரும் பிராய்லர் ஆறு வாரத்துக்குள் இரண்டு கிலோ தாண்டி லாரி ஏறிவிடுகிறது. ஒரு கிலோ எடைக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் கொஞ்சம் தீவனம் போதும். சேவலுக்கு ஆண் ஹார்மோன் பொங்கத் தொடங்குவது நாலு மாதம் ஆகும் சமயத்தில். பிராய்லர் அந்த நாளைப் பார்ப்பதே இல்லை. கொலாஜன் இறுக நேரமில்லை, சண்டை போட வயதில்லை. இல்லாத நோய்க்கு எதற்கு அறுவை? மென்மையான கறிக்காக மனிதன் இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல் செய்துவந்த வேலையை, வேகமாக வளரும் மரபணு ஒன்றுமில்லாமல் ஆக்கிவிட்டது. ருசி என்ன ஆயிற்று என்பதை நாட்டுக்கோழிக் கடை வாசலில் நிற்கும் கூட்டத்திடம்தான் கேட்க வேண்டும்.

கேபான் என்ற பெயருக்கு ஐரோப்பாவும் அமெரிக்காவும் தரும் விளக்கத்திலேயே இந்தக் கதை இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2008-ஆம் ஆண்டு விதி, கேபான் குறைந்தது 140 நாள் வயதானதாக இருக்க வேண்டும், காயடித்த பிறகு குறைந்தது 77 நாள் வளர்த்திருக்க வேண்டும் என்கிறது. அமெரிக்க வேளாண் துறையோ கேபானைப் பொதுவாக நாலு மாதத்துக்கு உட்பட்ட கோழி என்கிறது. முன்பு எட்டு மாதம் என்று இருந்ததைக் குறைத்துவிட்டார்கள். ஐரோப்பியச் சட்டம் "இதற்கு முன்னால் அறுக்காதே" என்கிறது, அமெரிக்க விதி "இதற்கு மேல் போனால் கிழடு" என்கிறது. நாலு மாதத்துக் கேபானால் என்ன பயன் என்று கேட்டால், பெரிய கோழி கிடைக்கும், அவ்வளவுதான். காத்திருந்தால் மட்டுமே கிடைக்கிற பண்டத்தை அவசரமாக அறுத்துப் பெயரை மட்டும் வைத்துக்கொள்கிறார்கள்.

வலி யாருடையது?

தள்ளிப்போட்ட கேள்விக்கு வருகிறேன். விலாவைக் கீறி, சவ்வைக் கிழித்து, உள்ளுறுப்பைத் திருகி எடுக்கிறார்கள், மயக்க மருந்து இல்லாமல். கோழி எழுந்து நடக்கிறது, அன்றைக்கே தீனி கொத்துகிறது, ஆகவே வலி இருக்காது என்பது பண்ணைக்காரர்களின் பழைய வாதம். இரையாகப் பிறந்த பிராணி வலியை வெளியே காட்டினால் அதற்கு ஆயுள் இல்லை, மறைக்கத்தான் செய்யும். காயடித்த சேவல்கள் அமைதியாக, சண்டையில்லாமல் வாழ்கின்றன என்பது இன்னொரு வாதம். அமைதி பண்ணைக்காரருக்கு வசதி. ப்ரெஸ் ஷாப்போனுக்குப் பிராய்லருக்குக் கனவிலும் கிடைக்காத புல்வெளியும் வெயிலும் மாதக்கணக்கில் கிடைக்கின்றன என்பதை மட்டும் மறுக்க முடியாது. அதே ஷாப்போன் கடைசி நாலு வாரம் இருட்டுக் கூண்டில் கிடப்பதையும்தான்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் இயற்கை வேளாண் விதிகள், காயடிப்பதென்றால் மயக்க மருந்தோ வலிநிவாரணியோ கொடுத்தாக வேண்டும் என்கின்றன. 140 நாள், 77 நாள் என்று கணக்குச் சொல்கிற விற்பனைத் தர விதியில் அதைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஜெர்மனியிலும் பிரிட்டனிலும் சேவலுக்கு இந்த அறுவையைச் செய்வதே குற்றம். ஆனால் விற்பது குற்றமில்லை. கிறிஸ்துமஸ் வந்தால் பிரான்ஸிலிருந்து கேபான் வண்டியேறி லண்டன் கடைகளுக்கு வந்து சேர்கிறது.

கத்தி இல்லாத வழி ஒன்று இருக்கிறது. மூளையிலிருந்து விதைக்குப் போகும் கட்டளையைத் தடுப்பூசியால் மறிப்பது. பன்றிகளுக்கு இந்த ஊசி 1998 முதல் ஆஸ்திரேலியாவில் விற்பனையில் இருக்கிறது. பின்னர் ஐரோப்பாவிலும் அனுமதி பெற்றது. சேவல்களிலும் முயன்று பார்த்திருக்கிறார்கள். அது முழுமையாகக் கைகூடி, சேவல் ஒரு கீறலும் இல்லாமல் எட்டு மாதம் வளர்ந்து, கறியும் அதே மென்மையோடு வந்தால்கூட, இன்றைய ஐரோப்பிய விதிப்படி அதைக் கேபான் என்று சொல்லி விற்க முடியாது. 'அறுவை மூலம் காயடிக்கப்பட்ட சேவல்' என்பதுதான் அந்த விதியில் கேபானுக்கு இருக்கும் இலக்கணம்.